பிடித்தம் ஏன் என்று சொல்லத் தெரிய வேண்டும்

சாயல்குடி, கடலாடி, வாலிநோக்கம் வட்டாரத்தில் பி.காம். முடித்துவிட்டோ கடைசி ஆண்டில் இருந்துகொண்டோ, இணையவழியில் சம்பளக் கணக்கு படிக்கலாமா என்று யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கு,



படிக்கலாமா என்று கேட்டால், தாராளமாகப் படிக்கலாம். எதைப் படிப்பது, படித்துவிட்டோம் என்பதற்கு எது அடையாளம் என்ற இரண்டைப் பற்றித்தான் இந்த மடல். 'பேரோல் கோர்ஸ்' என்று கைப்பேசியில் தேடினால் வந்து குவியும் விளம்பரங்கள் வழக்கமாக மூன்று உறுதிகளைத் தருகின்றன: சில வாரங்களில் முடிந்துவிடும், சான்றிதழ் கிடைக்கும், வேலை கிடைக்கும். சம்பளப் பட்டியல் என்பது ஒரு மென்பொருள், எந்த இடத்தில் எதை அழுத்துவது என்று தெரிந்தால் போதும் என்ற நினைப்பு இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கிறது. என் வாதம் அதற்கு மாறானது. சம்பளக் கணக்கு என்பது சட்டத்தை ரூபாயாக எழுதும் வேலை. ஒரு தொழிலாளியின் சம்பளச் சீட்டில் உள்ள ஒவ்வொரு பிடித்தத்தையும் காகிதத்தில் கையால் போட்டுக் காட்டி, அது எந்தச் சட்டத்தின்படி, எந்தத் தொகையின் மேல், எதற்காகப் பிடிக்கப்பட்டது என்று அந்தத் தொழிலாளிக்கே விளங்கும்படி உங்களால் சொல்ல முடிந்தால் நீங்கள் படித்தவர்கள். முடியாவிட்டால், எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் இன்னும் படிக்க வேண்டியவர்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு மாதம் மொத்தம் 18,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 6,000. மீதி 12,000 வீட்டு வாடகைப் படி, பயணப் படி என்று பிரித்திருக்கிறார்கள். பி.எஃப். (வருங்கால வைப்புநிதி) பிடித்தம் 12 விழுக்காடு. 6,000க்குப் போட்டால் 720 ரூபாய். ஆனால் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், ஊதியம் என்றால் என்ன என்பதற்குப் புதிய வரையறை தந்திருக்கின்றன. ஊதியத்தில் சேராதவை என்று சட்டம் பட்டியலிடும் படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு திரும்பச் சேர்க்கப்படும். 18,000இல் பாதி 9,000. படிகள் 12,000. தாண்டியது 3,000. ஆக ஊதியம் 6,000 அன்று, 9,000. பிடித்தம் 1,080 ரூபாய். அந்தத் தொழிலாளியின் கைக்கு வரும் பணம் மாதம் 360 ரூபாய் குறைகிறது. அவர் வந்து 'ஏன் குறைந்தது' என்று கேட்பார். 'சிஸ்டம் அப்படிக் காட்டுகிறது' என்று சொல்வது பதிலாகாது.

பதில் இன்னும் கொஞ்சம் கணக்குப் போட்டால் கிடைக்கும். தொழிலாளியிடம் கூடுதலாகப் பிடித்த 360க்கு ஈடாக முதலாளியும் 360 கட்டியாக வேண்டும். மாதம் 720, ஆண்டுக்கு 8,640 ரூபாய் அவர் பெயரில் கூடுதலாகச் சேர்கிறது. முதலாளியின் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. ஓய்வூதியம், ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்துக் கணக்கிடப்படுகிறது. 30 ஆண்டு பணிக்கு 6,000 ரூபாய் ஊதியத்தில் மாதம் ஏறத்தாழ 2,571 ரூபாய் வரும். 9,000 ஊதியத்தில் ஏறத்தாழ 3,857. பணிக்கொடையும் அப்படித்தான். கடைசி ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். பத்தாண்டு வேலை பார்த்தவருக்கு முதல் கணக்கில் 34,615 ரூபாய், இரண்டாவதில் 51,923. மொத்தச் சம்பளம் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. அதை எப்படிப் பிரித்து எழுதினார்கள் என்பது மட்டுமே மாறியது. ஒரு குடும்பத்தின் முதுமைக் கால வருமானம் அந்தப் பிரிப்பில் அடங்கியிருக்கிறது. பட்டியல் போடுகிறவருக்கு இது தெரியாவிட்டால் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியப் போவதில்லை.

இது 2025இல் திடீரென முளைத்த சிக்கலும் இல்லை. பேசிக்கைச் சிறிதாக வைத்துப் படிகளைப் பெருக்கும் பழக்கம் பல்லாண்டுக் காலமாக இருக்கிறது. எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொதுவாகத் தரப்படும் படிகளும் பி.எஃப். கணக்கில் அடிப்படை ஊதியத்தின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 28 அன்று, விவேகானந்தா வித்யாமந்திர் என்ற பள்ளியின் வழக்கையும் வேறு சில நிறுவனங்களின் வழக்குகளையும் ஒன்றாக விசாரித்துத் தீர்ப்பளித்தது. கவனியுங்கள், அந்த வழக்குகளின் மையக் கேள்வி 'எதன் மேல் 12 விழுக்காடு' என்பதுதான். கூட்டல் பெருக்கலில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. விழுக்காட்டை மனப்பாடம் செய்ய அரை மணி நேரம் போதும். அது எந்தத் தொகையின் மேல் விழுகிறது என்பதை அறிவதில்தான் இந்தத் தொழிலின் முழு அறிவும் இருக்கிறது. ஆகவே ஒரு படிப்பில் சேரும் முன், ஊதிய வரையறைக்கு அது எத்தனை வகுப்புகள் ஒதுக்குகிறது என்று பாருங்கள்.

அடுத்தது, எந்த ஊருக்கான படிப்பு என்பது. இணையத்தில் பெயர்பெற்ற பேரோல் அக்கவுண்டிங் படிப்புகளில் பல அமெரிக்கக் கல்லூரிகளுக்காக எழுதப்பட்டவை. சமூகப் பாதுகாப்பு வரி 6.2 விழுக்காடு, மெடிகேர் 1.45 விழுக்காடு, டபிள்யூ-4 படிவம், டபிள்யூ-2 படிவம் என்று அவை போகும். அமெரிக்க நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுத் தரும் அலுவலகத்தில் சேரப் போகிறவருக்கு அது வேண்டியதே. சாயல்குடியிலோ இராமநாதபுரத்திலோ தூத்துக்குடியிலோ ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உட்காரப் போகிறவருக்கு அதனால் ஒரு வரிகூட எழுத முடியாது. இந்தியப் படிப்பிலும் கவனம் வேண்டும். தொழில் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் அதை மாநில அரசு வாங்குகிறது. சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பார்கள். தமிழ்நாட்டில் அதை வாங்குவது உள்ளாட்சி அமைப்பு. சாயல்குடியில் என்றால் பேரூராட்சி. கணக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அரையாண்டு வருமானத்தை வைத்து. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்ற உச்ச வரம்பு மட்டும் அரசமைப்புச் சட்டத்தின் 276ஆம் பிரிவின்படி நாடு முழுவதற்கும் பொது. பெங்களூரில் படமாக்கிய பாடத்தைப் பார்த்துவிட்டு இங்கே மாதாமாதம் பிடிப்பவர், முதல் மாதத்திலேயே தப்புக் கணக்கு எழுதுவார்.

நம் பெயர்களையும் எந்த வெளியூர்ப் பாடமும் கணக்கில் எடுப்பதில்லை. தமிழ்நாட்டில் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுகிறோம். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கும். பி.எஃப். கணக்கின் பதிவுகளில் இதில் எதையாவது பார்த்து எழுதிவிட்டால், அன்றைக்கு ஒன்றும் நடக்காது. பல ஆண்டுகள் கழித்து, மகள் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ பணம் எடுக்க அவர் விண்ணப்பிக்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வரும். கூட்டு உறுதிமொழி, ஆவணங்கள், மதுரைக்கு நடை என்று அலைச்சல் தொடங்கும். ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து, பிறந்த தேதி உட்பட, முதல் நாளே சரிபார்ப்பது சம்பளக் கணக்குப் படிப்பின் பாடம்தான்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு வலுவானது: 'எல்லாவற்றையும் மென்பொருளே செய்கிறதே, கையால் போட்டுப் பழகுவது வீண் வேலையல்லவா?' மென்பொருள் பெருக்கும், கூட்டும், பட்டியலை அச்சிடும். ஆனால் அதை அமைக்கும்போது அது உங்களிடம்தான் கேட்கிறது: இந்தப் படி பி.எஃப். கணக்கில் சேருமா, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கணக்கில் சேருமா, ஒருநாள் ஊதியத்துக்கு 26ஆல் வகுப்பதா 30ஆல் வகுப்பதா? 18,000 ரூபாய்க்காரர் இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால், 30ஆல் வகுக்கும்போது 1,200 ரூபாய் போகும். 26ஆல் வகுத்தால் 1,385. எது சரி என்பது அவருடைய வேலை நிபந்தனையையும் வார விடுமுறைக்குச் சம்பளம் உண்டா என்பதையும் பொறுத்தது. மென்பொருளுக்கு அது தெரியாது. இ.எஸ்.ஐ.யில் இன்னும் நுட்பமான இடம் இருக்கிறது. 2017 ஜனவரி முதல் அதன் வரம்பு 21,000 ரூபாய். 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு, முதலாளி பங்கு 3.25. ஒருவருடைய சம்பளம் ஜூன் மாதம் 20,500இலிருந்து 22,000 ஆனால் உடனே பிடித்தத்தை நிறுத்துவதுதான் நியாயம் போலத் தோன்றும். தவறு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம். அது முடியும்வரை 22,000க்கும் பிடித்தாக வேண்டும். நிறுத்திவிட்டால் நிலுவை ஏறும்.

ஒருமுறை தப்பாகப் போட்ட டிக், மாதாமாதம், எல்லாத் தொழிலாளிக்கும், பிழையே இல்லாததுபோல அச்சாகி வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். கையால் எழுதிய காலத்தில் ஒருவருக்கு நேர்ந்த பிழை ஒருவரோடு நின்றது. இப்போது அது மொத்தப் பட்டியலுக்கும் பரவுகிறது. பி.எஃப். தொகை தாமதமானால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. 2024 ஜூனில் மாறிய விதிப்படி மாதத்துக்கு 1 விழுக்காடு தண்டத்தொகை வேறு. ஆக, மென்பொருள் வந்ததால் கணக்கு அறிவின் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது. சம்பள மென்பொருள் செய்யும் நிறுவனங்கள் நம் மாநிலத்திலேயே உண்டு. சென்னையின் ராம்கோ சிஸ்டம்ஸ் பல நாடுகளுக்கு அதை விற்கிறது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் சோஹோவும் இந்தியச் சம்பளக் கணக்குக்கென்று ஒரு மென்பொருள் தருகிறது. அவற்றுக்குள் இருக்கும் விதிகளையும் சட்டம் தெரிந்த ஒருவர் எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு: 'சான்றிதழ் இல்லாமல் யார் உள்ளே விடுவார்கள்?' உண்மைதான், முதல் வேலைக்குச் சான்றிதழ் கதவைத் திறக்கும். ஆனால் அதற்குப் பெருந்தொகை கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. 2017 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தில் வணிகவியல், கணக்கியல், தொழிலாளர் சட்டப் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாக எடுத்துக் கிரெடிட் பெறப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் இடம் தந்திருக்கிறது. கடைசி ஆண்டில் இருப்பவர்கள் இதைக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு எந்தப் பாடம் வந்திருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். பயிற்சிக்கு டேலி மென்பொருள் வேண்டுமென்றால் அதன் கல்விப் பதிப்பு விலையில்லாதது. அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும் என்பார்கள். சம்பளப் பட்டியலோ மாதத்துக்கு ஒருமுறை போடுவது, அதற்கு இது தாராளம்.

பணம் கட்டும் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இணையப் படிப்பின் பெரிய பலவீனம் பாடத்தில் இல்லை, முடிக்காமல் விடுவதில் இருக்கிறது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய திறந்த இணையப் படிப்புகளை ஆராய்ந்து 2019இல் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரை, 2017-18இல் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே முடித்தார்கள் என்று காட்டியது. சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில்கூடப் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே முடித்தார்கள். ஆகவே கட்டணம் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறது, முழுதாக நிறுத்துவதில்லை. நீங்கள் போட்ட கணக்கை ஓர் ஆசிரியர் பார்த்து, இந்த இடத்தில் தப்பு என்று திருத்தித் தருவார் என்றால் அந்தத் திருத்தத்துக்குப் பணம் கொடுக்கலாம். பதிவு செய்த காணொளிக்கும் அச்சிட்ட சான்றிதழுக்கும் மட்டும் என்றால் கொடுக்காதீர்கள். நாலைந்து பேர் சேர்ந்து வாரம் ஒருநாள் உட்கார்ந்து, ஒருவர் போட்ட பட்டியலை இன்னொருவர் சரிபார்த்தால், அந்தத் திருத்த வேலையில் பாதி கட்டணமில்லாமலே நடக்கும்.

மூன்றாவது: 'சட்டம் அடிக்கடி மாறுகிறது, இன்று படித்தது நாளைக்கு உதவுமா?' மாறுவது உண்மைதான். இருபத்தொன்பது தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகிவிட்டன. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிறது. இந்த மாற்றம் புதிதாகப் படிப்பவர்களுக்குச் சாதகமானது. இருபதாண்டு அனுபவம் உள்ளவரும் இந்த இடத்தில் உங்களைப் போலவே புதிதாகப் படிக்க வேண்டியவர். எண்கள் மாறும், எந்தத் தொகையின் மேல், எந்த வரம்பு வரை, எந்தத் தேதிக்குள், யார் பங்கு எவ்வளவு என்ற நான்கு கேள்விகள் மாறுவதில்லை. அந்த நான்கையும் கேட்கப் பழகியவர் புதிய அறிவிப்பைப் படித்து அன்றே கணக்கைத் திருத்திக்கொள்வார். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் மறுபடி ஒரு கோர்ஸ் தேடுவார். அறிவிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே என்ற தயக்கம் வேண்டாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. அலுவலகங்களின் தளங்களில் வரும் சுற்றறிக்கைகளின் சொல்வளம் குறுகியது. சில மாதங்கள் விடாமல் படித்தால் பழகிவிடும். படித்ததைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதிவைத்தால், நாளைக்குத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அதிலேயே தயாராகிவிடும்.

நான்காவது மறுப்புத்தான் இந்த ஊரில் அதிகம் கேட்கும் மறுப்பு: 'சாயல்குடியில் பேரோல் வேலை எங்கே இருக்கிறது?' பெரிய தொழிற்சாலை இல்லாத வட்டாரம் இது. 2018இல் நிதி ஆயோக் தேர்ந்தெடுத்த முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரோடு இராமநாதபுரமும் சேர்ந்தது. மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டத்தின் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். பி.எஃப். 20 பேர் உள்ள நிறுவனத்துக்கு, இ.எஸ்.ஐ. 10 பேர் உள்ள நிறுவனத்துக்கு என்று ஆள் எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். நான்கு தொகுப்புகளில் ஒன்றான ஊதியச் சட்டத் தொகுப்பு அப்படி வைக்கவில்லை. சம்பளச் சீட்டு கொடுப்பது ஒவ்வொரு முதலாளியின் கடமை என்கிறது அது. வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ ஐந்து பேருக்கு மிகாமல் வைத்திருப்பவருக்கு மட்டும் விலக்கு. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடித்தாக வேண்டும். பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தனியார் பள்ளி, பெட்ரோல் பங்க், மீன் கம்பெனி, கரிமூட்டம் போட்டு விற்பவர், கருப்பட்டி மண்டி, சிறு மருத்துவமனை, கட்டட ஒப்பந்ததாரர் எல்லாரும் இதில் அடங்குவார்கள். இவர்களில் ஒருவரும் தனியாகக் கணக்காளர் வைக்க மாட்டார்கள். பத்துப் பதினைந்து முதலாளிகளுக்கு ஒரு கணக்காளர் போதும். அப்படிப் பல முதலாளிகளுக்குச் சேர்த்துப் பட்டியல் போட்டுத் தருவதே சின்ன ஊர்களில் இந்தத் தொழில் நிற்கக்கூடிய வடிவம்.

தொழிலாளி பக்கம் தேவை இன்னும் பெரிது. வாலிநோக்கத்தில், 1974இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளமும், சுற்றிலும் தனியார் உப்பளங்களும் இருக்கின்றன. மழைக் காலத்தில் உப்பு விளையாது. அந்த மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர்களுக்கு மாநில அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. இப்படிப்பட்ட உதவி எதுவானாலும், இவர் இந்த வேலையைத்தான் பார்க்கிறார் என்பதற்கு ஒரு பதிவு வேண்டும். ஒழுங்காக எழுதிய ஊதியப் பதிவேட்டைவிட நல்ல சான்று கிடையாது. இந்தக் கடற்கரையிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் பல குடும்பங்களில் உண்டு. அங்கே பி.எஃப். இல்லை; வேலை முடிந்து வரும்போது கிடைக்கும் பணிக்கொடைதான் பெருந்தொகை. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் பேசிக், அதற்குப் பிறகு 30 நாள் பேசிக். அங்கேயும் பேசிக்கைக் குறைத்துப் படியைக் கூட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் நட்டம் கடைசி நாளில்தான் தெரியும். விமானம் ஏறும் முன் ஒப்பந்தத்தைப் படித்து அதைச் சொல்ல ஊரில் ஒருவர் இருந்தால், அது எந்த ஏஜென்டும் தராத உதவி.

இப்படியெல்லாம் சொன்னால் முதலாளிகள் விரோதிகளாகிவிட மாட்டார்களா என்ற அச்சம் எழலாம். சரியான பட்டியல் முதலாளியையும் காக்கிறது. நிலுவைக்கும் வட்டிக்கும் தண்டத்துக்கும் பின்னால் ஓடுவதைவிட மாதாமாதம் சரியாகக் கட்டுவது மலிவு என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். தப்பான பட்டியலை எழுதச் சொல்லும் முதலாளியும் இருப்பார். அப்போது, இது சட்டப்படி செல்லாது, பின்னால் இவ்வளவு செலவு வைக்கும் என்று எண்ணோடு சொல்லத் தெரிந்தவருக்கு மறுக்க ஒரு வழி இருக்கிறது. பொத்தான் மட்டும் தெரிந்தவருக்கு அந்த வழி இல்லை. சொன்னதை அழுத்த வேண்டியதுதான்.

ஆகவே எந்தப் படிப்பில் சேர்வதானாலும், பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளை அவர்களிடம் கேளுங்கள். தமிழ்நாட்டுத் தொழில் வரியைக் கற்றுத் தருவீர்களா? ஊதியத்தின் புதிய வரையறையை வைத்து நான் போடும் கணக்கைத் திருத்தித் தருவீர்களா? படிப்பு முடியும்போது, சேர்ந்தவர், விலகியவர், விடுப்பெடுத்தவர், வரம்பைத் தாண்டியவர் எல்லாரும் இருக்கும் பத்துப் பேரின் பட்டியலை மென்பொருள் இல்லாமல் போடச் சொல்லித் தேர்வு வைப்பீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் சேருங்கள். இல்லையென்றால் இலவசமாகக் கிடைப்பதை வைத்து நீங்களே தொடங்குங்கள். உங்கள் வீட்டில் சம்பளம் வாங்கும் ஒருவரின் சீட்டை வாங்கி, அதன் ஒவ்வொரு வரியையும் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்; சீட்டே தரவில்லை என்றால், அது தரப்பட வேண்டியது என்பதை அவருக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்துக் கணக்கு நண்பர்